வாடகை வீட்டு முற்றத்தில் கூடைப்பந்துக் கம்பம்

கொச்சி மாநகரின் தென்கோடியில், பள்ளுருத்தியைக் கடந்து அரூர்ப் பாலத்தை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்திருக்கிறது இடக்கொச்சி. காயலை அடுத்த தாழ்ந்த நிலம். தென்னை நிழலில் சிறு சிறு வீடுகள். வீட்டின் முன்னே ஒரு முற்றம், அதற்கப்பால் மார்பளவு மதில். வாணிகத்தையும் அலுவலையும் முன்னிட்டுக் கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் சில இங்கே வாடகைக்குக் குடியிருக்கின்றன. அத்தகைய குடும்பமொன்றின் தந்தையார் அண்மையில் நம்மிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அவர் மகனுக்கு வயது 12. பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறான். வீட்டிலும் ஒரு வளையம் வேண்டுமென்கிறான். குழி தோண்டிக் கம்பம் நாட்டுவதற்கு வீட்டுக்குரியவர் இசையவில்லை. அதில் அவரைக் குறை கூறுவதற்கும் இல்லை. கடைகளிலோ, சக்கரம் பொருத்திய தொட்டியின்மேல் நிற்கும் கம்பங்கள் பலவகையாக விற்கப்படுகின்றன. அவற்றுள் எதை வாங்குவது என்பதே கேள்வி.

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் இது பொதுவான கேள்விதான். சொந்த ஊரானால் கொல்லையில் ஒரு மரத்தை நட்டு, கொல்லரிடம் ஓர் இரும்பு வளையம் அடித்து வாங்கிப் பொருத்திவிடலாம். இன்று ஒரு வீடு, மூன்றாண்டு கழித்து வேறொரு மாநிலம் என்று பெயர்ந்து வாழ்வோர், தம்மோடு வரத்தக்க பொருளையே நாட வேண்டியிருக்கிறது. ஆனால் எளிதிற் பெயரும் பொருள் எளிதிற் சாயவும் கூடும். கம்பம் வாங்குவோர் முதற்கண் மனத்திற் கொள்ள வேண்டுவது இதுவே.

இவ்விளையாட்டே இருந்த இடத்தில் இருந்ததை வைத்துத் தோன்றியதுதான். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்க நாட்டில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துப் பயிற்சிப் பள்ளியொன்றில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அம்மாடத்தின் உயரம் பத்து அடி. அன்று தற்செயலாக அமைந்த அந்த உயரமே இன்றும் உலகெங்கும் 3.05 மீட்டர் என்று விதியாக நிலவுகிறது. கூடைக்குப் பின்னுள்ள பலகையும் அழகுக்காக வந்ததன்று. மாடத்தில் அமர்ந்திருந்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிடாதிருக்கவே அது வைக்கப்பட்டது. அதே ஸ்பிரிங்ஃபீல்டிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். நந்தனத்தில் உள்ள அக்கல்லூரியில் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் விளையாட்டுகளைப் பள்ளிதோறும் கொண்டு சென்றனர். நம் சென்னையின் அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கேரளத்தின் கோட்டயம் பகுதியைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ் 2014இல் அர்ஜுனா விருது பெற்றார். ஆதலின், சிறுவனோ சிறுமியோ முற்றத்தில் ஒரு வளையம் கேட்டால், அதை வீண் ஆசையென்று தள்ள வேண்டுவதில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம்.

கடைக்காரர் முதலிற் காட்டுவது பலகையை. பளபளக்கும் பலகையைக் கண்டு சிறுவர் மயங்குவர், பெரியோரும் மயங்குவதுண்டு. நாம் முதலிற் குனிந்து பார்க்க வேண்டியது அடியிலுள்ள தொட்டியை. வெறுமையாக இருக்கும்போது ஒரு கையால் தூக்கத்தக்க பிளாஸ்டிக் தொட்டி அது. அதனுள் நீரோ மணலோ நிரப்பிய பின்னரே கம்பம் கம்பமாகிறது. தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைக் கேட்டறிக. 100 லிட்டருக்குக் குறைந்ததை, வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் வாங்குதல் தகாது என்பது நம் கருத்து. ஏனென்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும்.

கிணற்றில் ஏற்றம் இறைப்பதை நம்முள் முதியோர் கண்டிருப்பர். துலாவின் ஒரு முனையில் சால், மறு முனையில் கனம், நடுவே தாங்குமரம். எடையும், தாங்குமிடத்திலிருந்து அது இருக்கும் தொலைவும் பெருகினால் வருவதே ஒவ்வொரு பக்கத்தின் வலிமை. கூடைப்பந்துக் கம்பமும் ஒரு துலாதான். தொட்டியின் முன்விளிம்பே அதற்குத் தாங்குமிடம். 100 லிட்டர் நீர் 100 கிலோ. தொட்டியின் நடுவிடம் முன்விளிம்புக்கு 50 சென்டிமீட்டர் பின்னே இருப்பதாகக் கொண்டால், சாயாமல் தடுக்கும் வலிமை 5,000. வளையம் முன்விளிம்புக்கு 60 சென்டிமீட்டர் முன்னே நீண்டிருக்கிறது. 40 கிலோ எடையுள்ள பையன் ஒருவன் அதைப் பற்றி அசையாமல் தொங்கினால் 2,400. பலகைக்கும் வளையத்துக்கும் உரிய எடை ஒரு 400. மொத்தம் 2,800, கம்பம் நிற்கும். ஆனால் ஓடிவந்து தாவிப் பிடித்து ஊஞ்சலாடுகிறவன் தன் எடையைப்போல் இருமடங்கு இழுக்கக்கூடும். அப்போது 4,800உடன் 400 சேர்ந்து 5,200 ஆகிவிடும். கம்பம் சாயும், சாய்வதும் தொங்குகிறவன்மேல். தொட்டியிற் பாதியே நீர் இருந்தால் தடுக்கும் வலிமை 2,500தான். அசையாமல் தொங்கினாலும் வீழ்ச்சி உறுதி.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஹரியாணா மாநிலத்து ரோத்தக் மாவட்டத்தில், லாகன் மாஜ்ரா என்னும் ஊரில், 16 வயதான ஆட்டக்காரர் ஒருவர் பயிற்சியின்போது தாவி வளையத்தைப் பற்றினார். கம்பம் பெயர்ந்து மார்மீது வீழ்ந்தது, உயிர் பிழைக்கவில்லை. அதே மாதத்தில் பகதூர்கட் நகரிலும் 15 வயதுச் சிறுவன் ஒருவன் இவ்வாறே மாண்டான். அவை தரையில் நாட்டப்பட்டிருந்த கம்பங்கள். நாட்டிய கம்பத்துக்கே இந்நிலை என்றால், தொட்டியை நம்பி நிற்பதைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. "வளையத்தில் தொங்காதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்வது கட்டாயம். ஆயினும் சொல் மட்டும் காவாது. நாம் கண்ட பையன் ஒருவன், "நான் தொங்கவில்லை ஐயா, வலையில் சிக்கிய பந்தைத்தான் இழுத்தேன்" என்றான். அவன் கூறியது மெய்தான். அவன் இழுத்தபோதும் தொட்டி ஒரு விரற்கடை மேலெழுந்தது. சிக்கிய பந்தைத் தள்ளுவதற்கென்று ஒரு மூங்கிற் கழியை மதிலோரம் சார்த்தி வைப்பது நல்லது.

அடுத்தது காற்று. மீனவருக்கென வானொலியில் விடுக்கப்படும் எச்சரிக்கைகளில், மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வரையும், சில வேளை 60 கிலோமீட்டர் வரையும் காற்று வீசக்கூடும் என்று கேட்டிருக்கிறோமன்றோ? அந்த 60 கிலோமீட்டர்க் காற்று, ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் முக்கால் மீட்டர் உயரமும் உள்ள வீட்டுப் பலகை ஒன்றின்மேல் நேராக மோதினால், ஏறத்தாழ 16 கிலோ எடையால் தள்ளுவதற்கு ஒப்பாகும். 16 கிலோ பெரிதன்று. ஆனால் அது தள்ளுமிடம் தரையிலிருந்து 330 சென்டிமீட்டர் உயரம். பெருக்கினால் 5,280. நீர் நிரம்பிய தொட்டியின் 5,000ஐ அது வென்றுவிடுகிறது. காற்றின் விரைவு பாதியானால் தள்ளும் விசை காற்பங்காகக் குறையும். ஆகவே நாள்தோறும் வீசும் கடற்காற்றுக்கு அஞ்ச வேண்டா. அஞ்ச வேண்டியது, மலையாளிகள் இடவப்பாதி என்று வழங்கும் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தையும், புயற்சின்ன நாட்களையும். 2017இல் ஓக்கிப் புயலின்போதும், 2021 மே மாதத்தில் டவ்தேப் புயலின்போதும், இடக்கொச்சிக்கு மேற்கே கடலோரமுள்ள செல்லானத்தில் வீடுகளுக்குள் கடல் புகுந்ததை அப்பகுதியினர் மறந்திரார்.

கொச்சிக் காற்றை நன்கறிந்த நம்மவரைக் காண வேண்டுமாயின் ஃபோர்ட் கொச்சி, வெளிப் பகுதியில் உள்ள சலவைத்துறைக்குச் செல்லலாம். தலைமுறை பலவற்றுக்கு முன்னே தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய வண்ணார் குடும்பத்தினர் அங்கே இன்றும் தொழில் செய்கின்றனர். துணியைக் கொடியிற் போட்டுக் கவ்வி மாட்டுவதில்லை. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் பிரிகளுக்கு இடையே துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். காற்று எத்துணை இழுத்தாலும் முறுக்கு விடுவதில்லை. அகன்ற பரப்பைக் காற்று எவ்வாறு பற்றி இழுக்கும் என்பதை அவர்களிடம் யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

ஆகவே கம்பம் வாங்கும்போதே, பெரியவர் இருவர் சேர்ந்தால் அதை மெல்லச் சாய்த்துத் தரையிற் படுக்கவைக்க இயலுமா, முற்றத்தில் அதற்கு நீளம் உண்டா என்று பார்த்துக்கொள்க. புயல் எச்சரிக்கை வந்த மாலை செய்ய வேண்டிய வேலை அது. பலகையைத் தாழ்த்தினால் போதுமே என்பர் சிலர். தாழ்த்துவது நன்றே, ஆனால் கடும் புயலுக்கு அது போதாது.

நீரா, மணலா என்னும் கேள்விக்கு இடக்கொச்சி போன்ற ஊரில் விடை வேறுவிதமாக அமைகிறது. பொதுவாக நீர் எளிது. குழாயைச் செருகினால் நிரம்பிவிடும். வீடு மாறும் நாளில் மூடியைத் திறந்தால் வடிந்துவிடும். மணலோ கனம் மிகுந்தது. காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். அதே 100 லிட்டர்த் தொட்டி 150 கிலோ ஆகி, தடுக்கும் வலிமை 7,500 ஆகிறது. இஃது எவ்வூருக்கும் பொருந்தும். காயலோரத்தார்க்கு மட்டும் இன்னொரு காரணம் உண்டு. கார்த்திகை மாதத்தை ஒட்டி, விருச்சிக வேலியேற்றம் என்று இவர்கள் கூறும் காலத்தில், உவர்நீர் தோடுகளின் வழியே ஏறித் தாழ்ந்த முற்றங்களுக்குள் புகுகிறது. ஒரு சாண் உயரத்துக்கு நீர் நின்றாலே தொட்டி மூழ்கிவிடும். நீருக்குள் இருக்கும் நீருக்கு எடையேது? முதல்நாள் வரை 100 கிலோவாக இருந்த தொட்டி அன்று வெறுந்தொட்டியைப் போலாகிவிடும். கம்பம் ஒரு தட்டில் சாயும். மணல் நிரப்பிய தொட்டியோ மூழ்கினாலும் 50 கிலோ அளவுக்கேனும் கனத்து நிற்கும். ஆகவே வேலியேற்றம் எட்டும் முற்றங்களில் மணலே தக்கது என்போம். ஆற்று மணலாகவோ கழுவிய மணலாகவோ இருத்தல் வேண்டும். கடற்கரை மணல் இலவசம் என்று அள்ளிவந்து போட்டால், அதிலுள்ள உப்பு கம்பத்தின் அடியைத் தின்றுவிடும்.

நீரையே நிரப்பியவர்கள் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். வெயிலில் பிளாஸ்டிக் வெடித்து நீர் கசிவது கண்ணுக்குத் தெரிவதில்லை. பார்த்த பின் மூடியை இறுக மூடுக. கொச்சியில் கொசு வளர்ப்பதற்கு நாமும் ஒரு தொட்டி அளிக்க வேண்டுவதில்லை.

மணல் நிரப்பிய பின் சக்கரத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். நேர்மையாகச் சொன்னால், அன்றாடம் பயன் இல்லை. 150 கிலோத் தொட்டியை ஈர மண்ணில் உருட்ட முயன்றால் சக்கரம் புதையும், அல்லது ஒடியும். முற்றத்தில் ஓரிடத்தை ஆய்ந்து தேர்ந்து, அங்கே நான்கைந்து சிமெண்டுப் பலகைகளைச் சமமாகப் பதித்து, அதன்மேல் தொட்டியை நிறுத்தியபின் மணல் இடுவதே முறை. "இடம் பெயர்க்கத்தக்க" என்னும் சொல்லுக்கு வீடு மாறும் நாளில் பொருள் விளங்கும்.

உயரத்தைப் பற்றிப் பெற்றோர் பலர் ஒரு பிழை செய்கின்றனர். விதி 3.05 மீட்டர் என்பதால் பிள்ளைக்கும் அதையே வைத்துவிடுகின்றனர். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறாரின் ஆட்டத்துக்கு உலகக் கூடைப்பந்து அமைப்பே 2.60 மீட்டர் உயரத்தைத்தான் வகுத்துள்ளது. பந்தும் சிறியது, ஐந்தாம் எண். பெரியோர் ஆடும் ஏழாம் எண் பந்து 600 கிலோகிராமுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 600 கிராம் அளவுள்ளது. சிறாருக்குரியது 500 கிராமுக்கும் குறைவு. வலுவுக்கு மீறிய உயரத்துக்குக் கனத்த பந்தை எறியும் பிள்ளை, இடுப்பிலிருந்து வீசியெறியப் பழகிவிடும். பின்னர் அப்பழக்கத்தை மாற்றுவது ஆசிரியருக்குத் தலைவலி. எனவே 2.30 மீட்டரிலிருந்து 3.05 வரை ஏற்றி இறக்கத்தக்க கம்பமே வாங்கத்தக்கது. சிலவற்றில் கைப்பிடியைச் சுழற்றி உயர்த்தலாம். சிலவற்றில் துளைக்குத் துளை ஆணியை மாற்ற வேண்டும். பின்னதில் பழுதுபடும் உறுப்புகள் குறைவு, விலையும் குறைவு. வீட்டுக்கு வந்ததும் நாடாவைக் கொண்டு தரையிலிருந்து வளையம்வரை அளந்து பாருங்கள். கம்பத்தில் ஒட்டியுள்ள அளவுக் குறிகளை நாம் அவ்வளவாக நம்புவதில்லை.

பலகையைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். போட்டிக்குரிய பலகை 1.80 மீட்டர் அகலம்; வீட்டுக்கு 1.10 மீட்டர் தாராளம். பெரிய பலகை பெரிய பாய்மரம் என்பதை மேலே கண்டோம். அக்ரிலிக் பலகையிற் பந்து நன்றாக எதிர்த்து வரும். பாலிகார்பனேட்டு உடையாது, எதிர்ப்பு சற்று மந்தம். சிறுவர் உள்ள வீட்டில் உடையாததே நல்லது. வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதிற் சிறியது விளையாட்டுப் பொம்மை.

துருவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். கொச்சியின் காற்றில் உப்பும் ஈரமும் ஆண்டு முழுதும் உண்டு. உள்நாட்டு நகரங்களிற் பத்தாண்டு நிற்கும் கம்பம் இங்கே நான்கைந்து ஆண்டிலேயே தளரக்கூடும். வெளியிற் பூசிய வண்ணத்தைக் கண்டு அமைதி அடையலாகாது; குழாயின் உட்புறமே முதலில் அரிக்கும். உள்ளும் புறமும் துத்தநாகம் பூசிய இரும்பா என்று கேளுங்கள். கம்பத்தின் மேல்முனைக்கு மூடி இருத்தல் வேண்டும். இன்றேல் மழைநீர் உள்ளே இறங்கித் தங்கும். குழாய்த் துண்டுகள் ஒன்றோடொன்று செருகும் இடங்களே நலிந்த இடங்கள். மூன்று துண்டைக் காட்டிலும் இரண்டு துண்டுக் கம்பம் மேல். உடன்வரும் போல்ட்டுகளையும் நட்டுகளையும் கழித்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகினால் ஆனவற்றை இரும்புக் கடையில் வாங்கிப் பூட்டுவது சிறு செலவு; பெரிய காவல். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், ஒரு சிறு சுத்தியலால் கம்பத்தின் அடியைத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி மாறிச் சத்தென்று கேட்டால் அதன் காலம் முடிந்தது. உப்புநீர் ஏறி இறங்கிய நாளில் நல்ல நீரால் கழுவிவிடவும் மறக்கலாகாது.

இடத்தைத் தேரும்போது பலகையிலிருந்து 4.60 மீட்டர் தொலைவில் நின்று எறிய இடமிருக்கிறதா என்று பாருங்கள். தனி எறிக்கு உரிய தொலைவு அது. மேலே மின்கம்பி செல்லலாகாது. துலாவர்ஷம் என்னும் ஐப்பசி மழைக்காலத்துப் பிற்பகல்களில் இடி முழங்கத் தொடங்கியதும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும்; தனித்து நிற்கும் உயர்ந்த இரும்புக்கு அருகில் எவரும் நிற்கலாகாது. பருவமழையில் முற்றம் முழுவதும் பாசி படரும் ஊர் இது. சுண்ணாம்புத் தூளிட்டுத் தேய்த்த பின்னரே பிள்ளைகளை ஓட விடுக. மொட்டைமாடியில் வைக்கலாமா என்று கேட்போருக்கு நம் விடை, கூடாது என்பதே. அங்கே காற்றும் மிகுதி. சாய்ந்தால் வீழும் இடம் தெரு.

முற்றமே இல்லாதவர்கள் மனந்தளர வேண்டா. கடவந்திராவில் உள்ள ராஜீவ் காந்தி உள்ளரங்கு போன்ற இடங்களும், பள்ளி கல்லூரி ஆடுகளங்களும் இருக்கின்றன. பேருந்துச் செலவு, கம்பத்தின் விலையைவிடக் குறைவாகவே வரும்.

கேள்வி கேட்ட அந்த வீட்டார் இறுதியில் வாங்கியது, இரண்டு துண்டுக் கம்பமும் ஆணி மாற்றும் வகையும் கொண்ட ஒன்று. பலகை சிறிது, அதில் பையனுக்குச் சற்று ஏமாற்றம். வீட்டுக்குரியவரே, குழி தோண்டவில்லை என்று கண்டதும் மனமிரங்கி, சிமெண்டுப் பலகைகளைத் தம் தோட்டத்திலிருந்து கொடுத்தார். வளையம் இப்போது 2.60 மீட்டரில் நிற்கிறது. சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அமாவாசையையும் பௌர்ணமியையும் தாயார் முன்பே விரதத்துக்காகக் குறித்து வைத்திருந்தார். கார்த்திகையில் அந்நாட்களின் முதல்நாள் மாலை, பையன் பலகையை அடிமட்டத்துக்கு இறக்கி, கம்பத்தைத் தென்னையோடு கயிற்றால் பிணைத்துவிட்டுப் பாடம் படிக்கப் போகிறான்.